ஓசி ஊளை

2024 ஏப்ரல் 1. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் ஒரு கையில் கிளாஸும் மறு கையில் செல்போனுமாக, திடீரென்று தலையைத் தூக்கி ‘ஊ...ஊ...’ என்று ஊளையிட்டார். கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, நம்மாள் யாரோ கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பதில் ஊளை கொடுத்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கு இது தினசரி போலிருக்கிறது.

செல்போனில் மும்பை வான்கடே மைதானம், ஐபிஎல் கிரிக்கெட். டாஸ் போட வந்த ஹர்திக் பாண்டியாவை, அவர் கேப்டனாக இருக்கும் மும்பை அணியின் ரசிகர்களே கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் பிடித்திருந்த சஞ்சய் மஞ்ச்ரேக்கர், கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதும் சத்தம் இன்னும் ஏறியது.

“நீங்க மும்பைங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க, வளவனூரு.”

“மும்பை டீமுக்கு சப்போர்ட்டா?”

“சேச்சே. சிஎஸ்கே.”

“அப்புறம் இவரை ஏன்...?”

“துரோகிங்க அவன்.”

துரோகம் என்னவென்று நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். 2015லிருந்து 2021 வரை மும்பைக்கு ஆடினார். விட்டுவிட்டார்கள். குஜராத்துக்குப் போய் 2022இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2023 கடைசியில் மும்பையே திரும்ப வாங்கி, ஐந்து கோப்பை ஜெயித்த ரோஹித் சர்மாவை இறக்கிவிட்டு இவரை கேப்டன் ஆக்கியது. முடிவு எடுத்தவர்கள் கோட் போட்டுக்கொண்டு மேலே குளிர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊளை வாங்கியவர் கீழே வேர்வையில் நின்றார். அகமதாபாத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் மைதானத்துக்குள் ஒரு நாய் ஓடியபோது, கூட்டம் ‘ஹர்திக், ஹர்திக்’ என்று அதைக் கூப்பிட்டது. நாய் பாவம், என்ன தப்பு செய்தது?

எனக்கு உறைத்தது வேறு. கட்சி மாறுகிறவருக்கு மேளதாளத்தோடு சால்வை போர்த்தி, முந்தின வாரம் அவரைத் திட்டி ஒட்டிய போஸ்டர் மேலேயே ‘வருக வருக’ ஒட்டும் ஊர் நம்முடையது. பசை கூடக் காய்ந்திருக்காது. அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, வேலை மாறிய ஒரு குஜராத்திப் பையனை வளவனூர்க்காரர் துரோகி என்கிறார்.

சொந்த அணிக்காரனைப் பார்த்து ரசிகன் இப்படிக் கத்துவதை ஆங்கிலத்தில் ‘பூ’ என்கிறார்கள். தமிழில் எழுதினால் அது தலையில் வைக்கிற சமாச்சாரம் ஆகிவிடுகிறது. நமக்கு ஊளைதான் சரி. ஊளையிடலாமா கூடாதா என்று உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடலாம். தாராளமாக இடலாம். 2022 மார்ச்சில் பாரிஸ் கால்பந்து அணி மாட்ரிட்டிடம் தோற்று ஐரோப்பியக் கோப்பையை விட்டு வெளியேறியது. அடுத்த ஆட்டத்தில் பாரிஸ் ரசிகர்கள், மெஸ்ஸி காலில் பந்து போனபோதெல்லாம் ஊளையிட்டார்கள். நெய்மருக்கும் அதே மரியாதை. மெஸ்ஸிக்கே! ஆனால் அவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். தோற்ற வாரமும் வந்து அதே சீட்டில் உட்கார்ந்தவர்கள். வீட்டில் சமைத்ததைத் தினமும் சாப்பிடுகிறவனுக்கு உப்பு இல்லை என்று சொல்ல உரிமை உண்டு. தெருவில் போகிறவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ‘உப்பு இல்லே’ என்று கத்தினால் அதற்கு என்ன பெயர்?

ஓசி ஊளை.

நம் ஆட்கள் இதில் உலக சாம்பியன். 2018 ஜூன் 1ஆம் தேதி மும்பையில் இந்தியக் கால்பந்து அணி சீன தைபேயை 5-0 என்று அடித்தது. சுனில் சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். நம்மூரில் ஒரு முகூர்த்த நாளில் இரண்டு மண்டபத்துப் பந்தியைக் கூட்டினால் வந்துவிடும் கணக்கு. மறுநாள் சேத்ரி செல்போன் முன்னால் நின்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். திட்டுங்கள், கத்துங்கள், கேவலப்படுத்துங்கள், ஆனால் தயவுசெய்து மைதானத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள் என்று இரண்டு கையும் கூப்பிக் கேட்டார். ஒரு நாட்டின் கேப்டன் வந்து ஊளையிடுங்கள் என்று பிச்சை எடுத்தது நம் நாட்டில்தான். ஜூன் 4, கென்யாவோடு ஆட்டம், அவருடைய நூறாவது. டிக்கெட் அத்தனையும் விற்றது. கொட்டும் மழையில் நனைந்துகொண்டு பார்த்தார்கள். இரண்டு கோல் போட்டார். நமக்கு ஒரே புல்லரிப்பு. புல்லரிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு ஊளையும் இல்லை, விசிலும் இல்லை, ஆளும் இல்லை.

அதன் பலனைப் பிற்பாடு பார்த்தோம். 2025 ஜூலையில், ஐஎஸ்எல் போட்டியை நடத்தும் ஒப்பந்தமே முடிவாகவில்லை என்று சொல்லி நிறுத்திவைத்தார்கள். பெங்களூரு கிளப் சம்பளத்தை நிறுத்தியது. 2015இலும் 2018இலும் கோப்பை தூக்கிய நம் சென்னையின் எஃப்சி, கிளப் வேலைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 0-1 என்று தோற்றது. 2003க்குப் பிறகு அவர்களிடம் முதல் தோல்வி. அன்றைக்கு மட்டும் செல்போன்களில் ஊளை கிளம்பியது: இவனுங்களுக்கு எதுக்கு சம்பளம்? ஐயா, அதைத்தான் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்களே.

விழுப்புரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பையன்கள் ஆடுவார்கள். கோல் போஸ்ட்டுக்கு வலை சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. பார்வையாளர் என்று ஒரு கோச், இரண்டு அப்பா, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி. கோல் கீப்பர் கைக்குள் வந்த பந்தை விட்டால்கூட ‘டேய்’ என்று சொல்ல நாதியில்லை. அடுத்த மாவட்டம் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடப் போனார், தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. 2025 ஜூலை 5ஆம் தேதி நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதே டீக்கடையில் நான் கேட்டுப் பார்த்தேன், இந்தியாவுக்குக் கால்பந்து ஆடிய பெண்களில் ஒரு பெயர் சொல்லுங்கள் என்று. ஹர்திக்கின் முன்னாள் மனைவி பெயர் வரை தெரிந்தவர்கள், கடலூர்ப் பெண்ணின் பெயர் தெரியாமல் வடையைப் பிய்த்தார்கள்.

இதுவரை நடந்தது வெறும் சோம்பேறித்தனம். சிரித்துவிட்டுப் போகலாம். இனி வருவதைச் சிரித்துக்கொண்டு எழுத என்னால் முடியவில்லை.

2021 ஆகஸ்ட். டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் ஹாக்கி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் ஆதிக்க சாதிக்காரர்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதிப் பெயர் சொல்லிக் கத்தினார்கள். நான்கு நாளுக்கு முன்னால்தான் அந்தப் பெண் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டிருந்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் எந்த இந்தியப் பெண்ணும் அதற்கு முன் செய்யாதது. மூன்று கோல் போட்டபோது நாட்டின் மகள். தோற்ற அன்று சாதியின் பெயர். அதே ஆண்டு அக்டோபரில் கிரிக்கெட்டில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றோம். பதினொரு பேர் தோற்றார்கள், ஊளை மட்டும் முகமது ஷமி ஒருவருக்கு. ஏன் என்று கேட்க வேண்டாம். ஷமிக்காகப் பேசிய கோலியின் கைக்குழந்தை வரை மிரட்டல் போனது.

இதை ஊளை என்று சொன்னால் நாய் கோபித்துக்கொள்ளும். வருடம் முழுக்கத் தொண்டையில் வைத்திருந்ததைக் கக்க ஆட்டம் ஒரு சாக்கு. தோல்வி வந்ததும் இவர்கள் முதலில் பார்ப்பது ஸ்கோர் போர்டை அல்ல, யார் யார் ‘நம்மாள்’ என்கிற பட்டியலை.

ஹரித்வார் ரொம்ப தூரம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். விழுப்புரம் பக்கத்திலேயே மேல்பாதி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் வரக்கூடாது என்று தகராறு. 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான், போலீஸ் காவலோடு, அந்த மக்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார்கள். ஆலய நுழைவுச் சட்டம் இந்த மாகாணத்துக்கு எப்போது வந்தது தெரியுமா? 1947. கொண்டுவந்த முதலமைச்சர் யார்? திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர், ராமசாமி ரெட்டியார். நம் மாவட்டத்துக்காரர் போட்ட சட்டம் நம் மாவட்டத்து வாசல்படியைத் தாண்ட 78 வருஷம் எடுத்துக்கொண்டது.

அவர் கதையும் நம் தலைப்பைச் சேர்ந்ததுதான். 1947 மார்ச்சில் பதவிக்கு வந்தார். ஆலய நுழைவு, தேவதாசி ஒழிப்பு என்று ஒரே வருடத்தில் அடித்து ஆடினார். சிபாரிசு என்று வந்தவனுக்குக் கதவைத் திறக்காத மனுஷன். எதிர் அணி அவரை ஒன்றும் செய்யவில்லை. சொந்த அணி, காங்கிரஸ்காரர்களே, உள்ளேயிருந்து ஊளையிட்டு 1949 ஏப்ரலில் வெளியே அனுப்பினார்கள். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடலூர் போய் வள்ளலார் காரியத்தில் இறங்கிவிட்டார். பிற்பாடு சென்னையின் நட்டநடுவில் அரசினர் தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தாயிற்று. ஆளை அனுப்பிவிட்டுப் பெயரை வைத்துக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

ஹர்திக்குக்கும் அதேதான் நடந்தது, கொஞ்சம் வேகமாக. 2024 ஜூன் 29, பார்படாஸ், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். பந்தைக் கையில் வாங்கியது அதே துரோகி. முதல் பந்தில் மில்லர் காலி. இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. ஜூலை 4, அதே வான்கடே, அனேகமாக அதே தொண்டைகள்: ‘ஹர்திக்! ஹர்திக்!’ மார்ச்சில் நாய்க்கு வைத்த பெயரை ஜூலையில் சாமிக்கு வைத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை. வளவனூர்க்காரரை மறுபடி பார்த்தபோது, “நான் அப்பவே சொன்னேன், அவன் கெத்துன்னு” என்றார்.

ஊளைக்குத் தகுதியான ஆட்டம் நம்மூரில் இல்லையா என்றால், ஏன் இல்லை? திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை. சுமார் 70 கிலோமீட்டர். 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் வந்த திட்டம். அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்றைக்கு ஓட்டுப் போடுகிறது, ரயில் வரவில்லை. இத்தனை வருஷமாக 0-0, இரண்டு பக்கமும் கோலே அடிக்க முயலவில்லை. ஒரு ஊளை? மூச். விழுப்புரம் புதிய பேருந்து நிலையம், ஏரி இருந்த இடத்தில் கட்டியது. பெருமழை வரும்போதெல்லாம் ஏரிக்குத் தன் பழைய முகவரி ஞாபகம் வந்துவிடுகிறது. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீருக்குள் நின்று செல்போனில் ஸ்கோர் பார்த்து, கேட்ச் விட்டவனைத் திட்டுகிற ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். ரொம்பக் கோபமாக இருந்தார்.

ஒரே ஒரு தடவை இங்கே நிஜ ஊளை கேட்டது. 2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. டிசம்பர் 3ஆம் தேதி இருவேல்பட்டில் சாலையை மறித்து நின்ற ஜனங்களைப் பார்க்க அமைச்சர் பொன்முடி போனார். சேற்றை வாரி வீசினார்கள். சேறு வீசுவதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கழுத்தளவு டிக்கெட் எடுத்திருந்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து வந்த குரல் அது. உடனே மாநிலம் முழுக்க நாகரிகம் பற்றிய வகுப்பு ஆரம்பமாயிற்று. ஹர்திக்குக்கு ஊளை விட்டவர்களே அதில் முதல் பெஞ்ச்.

கொல்கத்தாவிலும் ஒரு நாள் ஊளை முகவரி மாறாமல் போய்ச் சேர்ந்தது. 2025 டிசம்பர் 13, சால்ட் லேக் மைதானத்துக்கு மெஸ்ஸி வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து உட்கார்ந்திருந்த ஜனத்துக்குத் தெரிந்தது மெஸ்ஸி அல்ல, அவரைச் சுற்றி மொய்த்த முக்கியஸ்தர்களின் முதுகு. இருபது நிமிஷத்தில் அவர் கிளம்பிவிட்டார். பாட்டில் பறந்தது, நாற்காலி பறந்தது. ஏற்பாட்டாளர் கைதானார், மாநில விளையாட்டு அமைச்சர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். நாற்காலியை உடைத்தது முட்டாள்தனம், அதுவும் அவர்கள் காசுதான். இருந்தாலும் பாருங்கள், முதுகுகளைப் பார்த்து ஊளையிட்டதற்கு ஒரு பதவி அசைந்தது. ஆட்டக்காரனைப் பார்த்து ஊளையிட்டு எந்தக் காலத்தில் எது அசைந்தது? ஆண்ட்ரஸ் எஸ்கோபர் அசையாமல் போனதுதான் மிச்சம். 1994 உலகக் கோப்பையில் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்ட கொலம்பியாக்காரர். பத்து நாள் கழித்து சொந்த ஊரில் சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வளவனூர்க்காரரை முதல் தடவை பார்த்துச் சரியாக ஒரு வாரம். ஏப்ரல் 8. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு சென்னைக்கு ஆட்டம். டிக்கெட் எடுத்துப் போயிருந்தேன், ஆகவே என் ஊளை ஓசி அல்ல என்கிற இறுமாப்போடு. 138 அடித்தால் வெற்றி. இன்னும் மூன்று ரன்தான் பாக்கி. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஷிவம் துபே போல்டு ஆனார். சொந்த அணி விக்கெட் விழுந்ததற்கு மைதானமே எழுந்து விசில் அடித்தது. அடுத்து தோனி வரலாம் அல்லவா? பந்து போட்டவன் திருதிருவென்று விழித்தான், தனக்கா இந்த மரியாதை என்று. அந்த நேரம் பார்த்து ஜடேஜா மட்டையோடு படியிறங்கி வந்தார். ஐயோ என்று ஒரு முனகல் கிளம்பியது. அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்; விளையாட்டுக்காம். முந்தின வருஷமே அவர் சொல்லியிருந்தார், தான் மேலே இறங்கி ஆடினால் எப்போது அவுட் ஆவேன் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று. அதையும் நாங்கள் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம். 2025 நவம்பரில் அவரை ராஜஸ்தானுக்கு மாற்றிக் கொடுத்தபோது, அந்த முனகல் முனகினவர்கள்தான் ‘ஏன் தளபதி போனாய்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

துபே ஆட்டமிழந்தபோது நான் அடித்த விசிலில் என் தொண்டை போய்விட்டது. ஊளையைவிடக் கேவலமான விசில் அது.

ஆட்டம் முடிந்து, கிளாம்பாக்கம் வந்து பஸ் பிடிக்கும்போது மணி ஒன்றரை. பஸ் முழுக்க மஞ்சள் சட்டை. திண்டிவனம் பையன்கள் ஏழெட்டுப் பேர், செங்கல்பட்டு வரை ‘தோனி, தோனி’ என்று கூரையைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றேகால் மணிக்கு பைபாஸில் வண்டி நின்றது. மழைத் தூறல்கூட இல்லாத நல்ல இருட்டு. ஊருக்குள் போக இன்னும் தூரம் இருக்கிறது.

“திண்டிவனம்லாம் எறங்கு.”

“அண்ணே, உள்ள போவாதாண்ணே? திண்டிவனத்துக்குத்தானே டிக்கெட்டு குடுத்தீங்க.”

“போவாது.”

“சரிங்கண்ணே.”

வரிசையாக இறங்கினார்கள். ஒருத்தன் கையிலிருந்த விசில் படியில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு இறங்கினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பது நிமிஷம் கழித்து விழுப்புரம் பைபாஸில் வண்டி நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நானும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கதவை நோக்கி நடந்தேன்.